35 நாள் குழந்தையைக் குலதெய்வக் கொடைக்கு அழைத்துச் செல்லலாமா?

தாம்பரத்துத் தாய்:
எங்கள் பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. தலைப்பிரசவம் என்பதால் தாம்பரத்தில் என் தாய்வீட்டில் இருக்கிறேன். அறுவைச் சிகிச்சை செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். சித்திரை மாதக் கடைசிச் செவ்வாயன்று, தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள என் புகுந்த வீட்டாரின் குலதெய்வக் கோயிலில் கொடை என்னும் திருவிழா நடக்கிறது. அன்று குழந்தைக்கு 35 நாள் ஆகியிருக்கும். வீட்டின் முதல் பேத்தியைச் சாமிக்கும் சொந்தபந்தங்களுக்கும் காட்ட வேண்டும் என்று மாமியார் ஆசைப்படுகிறார். மூன்று மாதம் முடியாமல் பச்சைப் பிள்ளை வாசற்படி தாண்டக் கூடாது என்கிறார் என் அம்மா. போவதென்றால் எழும்பூரிலிருந்து இரவு ரயிலில் போகலாம், அல்லது கணவரின் காரில் போகலாம். இதில் எது மருத்துவக் காரணம், எது வழக்கம் மட்டுமே என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் எங்களுக்கு முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

பொருநைக்கரை:
தயங்காமல் போய் வாருங்கள் சகோதரி. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் இந்தப் பருவத்தில்தான் குழந்தையோடு பயணம் செய்வது எளிது. பால் புட்டியோ, சுடுதண்ணீரோ, கஞ்சியோ தேவையில்லை. பசித்தால் தாயின் மடி இருக்கிறது, மற்ற நேரம் எல்லாம் உறக்கம்தான். நடக்கத் தொடங்கிய பிள்ளையை ரயிலில் அழைத்துச் சென்றவர்களைக் கேட்டால் இந்த வேறுபாடு விளங்கும். பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளை 2015-ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு திறந்தது. விமான நிறுவனங்கள்கூடப் பிறந்து ஒன்றிரண்டு வாரமான குழந்தையை ஏற்றிக்கொள்கின்றன. கைக்குழந்தையோடு தாய்மார் பயணம் செய்வார்கள் என்று எதிர்பார்த்துத்தானே இவ்வளவு ஏற்பாடும்?

தாய்வீட்டிலேயே இருந்தால் குழந்தைக்கு எதுவும் அண்டாது என்ற நம்பிக்கையையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெயர் சூட்டும் நாளில் எத்தனை பேர் வந்து தூக்கினார்கள், எத்தனை பேர் கன்னத்தில் முத்தமிட்டார்கள், அவர்களில் யாருக்குச் சளி இருந்தது என்று எவரும் கணக்கு வைப்பதில்லை. குழந்தையை வாசல் தாண்ட விடாத நாம், ஊரையே வீட்டுக்குள் அழைத்து வைத்துக்கொள்கிறோம். கொடை என்பது ஆண்டுக்கு ஒருமுறை, சில குடும்பங்களில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. வெளியூர்களில் பிழைக்கப் போன அத்தனை பேரும் கூடும் அந்த நாளை விட்டால் பெரியப்பா, அத்தை, கொழுந்தன் பிள்ளைகள் எல்லோரும் ஓரிடத்தில் இருந்து குழந்தையைப் பார்ப்பது எப்போது நடக்கப்போகிறது?

கிராமச் செவிலி:
ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிப் பணியில் இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். ரயிலில் ஓர் இரவு படுத்து வருவதைப் பற்றி எனக்குப் பெரிய அச்சம் இல்லை. நான் மறுப்பது கொடைக் கூட்டத்தை. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை ‘பி’ தடுப்பூசி ஆகியவை மட்டுமே இன்று உங்கள் குழந்தைக்குக் கிடைத்திருக்கும். கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான் முதலியவற்றுக்கு எதிரான ஐந்து நோய்த் தடுப்பூசி 6, 10, 14-ஆம் வாரங்களில் மூன்று தவணைகளாகப் போடப்படுகிறது. தட்டம்மைக்கான ஊசி ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான். 35-ஆம் நாளில் நீங்கள் போனால் அந்த மூன்று தவணைகளில் முதலாவதுகூட முடிந்திருக்காது. கக்குவான் இருமல் பெரியவர்களுக்கு வந்தால் சில வாரம் விடாத இருமலாக இருந்து போய்விடும். இவ்வளவு சிறிய குழந்தைக்கு வந்தால் இருமல் சத்தமே இல்லாமல் மூச்சு நின்று நின்று வரக்கூடும்.

இன்னொன்றையும் குடும்பத்தாரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் மருந்து கொடுத்துவிட்டு இரண்டு நாள் பார்க்கலாம். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு அப்படிப் பார்க்கவே கூடாது. அக்குளில் வைத்துப் பார்க்கும் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸை எட்டினாலோ, அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 60 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலோ, பால் குடிப்பதை நிறுத்திவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கூட்டத்தில் யாரோ ஒருவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட சாதாரணச் சளிகூட, அறிமுகமில்லாத ஊரில், விழா நாளில், வண்டி தேடி அலைந்து பெரிய மருத்துவமனையில் சேர்ப்பதில் முடியலாம்.

நீங்கள் சொல்லும் நாள் அக்னி நட்சத்திரக் காலத்தில் வருகிறது. பிறந்த குழந்தைக்கு வியர்த்து உடம்பைத் தணித்துக்கொள்ளும் திறன் குறைவு, ஆறு மாதம் வரை தண்ணீரும் கொடுக்கக் கூடாது. ஆகவே வெயிலுக்கு ஈடுகட்ட அடிக்கடி பால் கொடுப்பதைத் தவிர வழியில்லை. கோயில் பந்தலில் பலர் முன்னால், தையல் போட்ட வயிற்றோடு அமர்ந்து அடிக்கடி பால் கொடுக்க உங்களால் இயலுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அன்பு மிகுதியால் தீர்த்தத்தையோ தேனையோ தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைப்பவர்கள் அங்கே இருப்பார்கள். ஒரு வயது வரை தேன் ஆகவே ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி சிறு குழந்தைகளின் நரம்புகளைத் தாக்கி உடம்பைத் துவளச் செய்துவிடும்.

பொருநைக்கரை:
செவிலி அம்மையாரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அதே ஊரில், கோயிலுக்கு நாலு வீடு தள்ளிப் பிறந்து, கொடை நாளில் 35 நாள் ஆன குழந்தை ஒன்று இருந்தால் அதை எங்கே கொண்டுபோவார்கள்? அந்த வீட்டுத் திண்ணையிலும் சொந்தக்காரர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் குழந்தைக்கு இயல்பாக இருப்பது சென்னையில் பிறந்த குழந்தைக்கு மட்டும் ஆபத்தாகிவிடுவது எப்படி? நகரத்தில் இருப்பவர்கள் கிராமத்தையே நோய்க்கூடாரமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்களோ என்ற வருத்தம் எனக்கு உண்டு.

கிராமச் செவிலி:
நான் பணியாற்றுவதே கிராமத்தில்தான். நீங்கள் சொல்லும் அந்த நாலாம் வீட்டுக் குழந்தைக்கும் இதே அறிவுரையைத்தான் சொல்வேன். கொடை முடிந்த அடுத்த வாரம் சளி, மூச்சுத் திணறல் என்று கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருபவர்களை நாங்கள் பார்க்கிறோம். அவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்பதால் நோய் விட்டுவிடுவதில்லை. ஒரு வேறுபாடு உண்மையிலேயே உண்டு. அந்தத் தாய் நெரிசல் கூடினால் தன் வீட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். விருந்தாளியாக வந்து, எல்லா அறைகளிலும் ஆள் படுத்திருக்கும் வீட்டில் தங்கும் மருமகளுக்கு அது வாய்ப்பதில்லை.

மூன்றாம் மாடி:
கொடைக்குப் போக வேண்டாம் என்பதில் செவிலியோடு உடன்படுகிறேன். ஆனால் மூன்று மாதம் வாசற்படி தாண்டக் கூடாது என்ற உங்கள் அம்மாவின் பேச்சையும் இங்கே யாராவது மறுக்க வேண்டும் அல்லவா? என் பிரசவத்துக்குப் பிறகு சன்னலைச் சாத்தி, காதில் பஞ்சை அடைத்து, மின்விசிறியைக்கூட நிறுத்தி வைத்தார்கள். காரணமே தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன்; குழந்தையைத் தூக்கவே கை எழவில்லை. பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு இது என்று கண்டுபிடித்த மருத்துவர், சிகிச்சையோடு சேர்த்து, தினமும் கொஞ்ச நேரம் வெளியே நடக்கும்படி சொன்னார். மாலை வெயில் தாழ்ந்ததும் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருக்கோடிவரை நடந்து திரும்புவேன். காற்றோட்டமான திறந்த வெளியில் நடப்பதால் குழந்தைக்கு நோய் வருவதில்லை; மூடிய அறையில் இருமுபவர் பக்கத்தில் இருப்பதுதான் ஆபத்து. ஆறாவது வாரத்தில் தடுப்பூசிக்கு எப்படியும் வெளியே தூக்கிப் போகத்தான் வேண்டும். அதற்கு முன்பே பூங்காவுக்கும், சந்தடி இல்லாத நேரத்தில் கடற்கரைக்கும் போய் வாருங்கள் தோழி. அடைத்து வைக்கப்படுவது குழந்தை மட்டுமல்ல, தாயும்தான். இந்த விவாதத்தில் அந்தத் தாயின் மனநிலையைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

கரிசல்காட்டுக்காரி:
மூன்றாம் மாடியில் இருக்கும் தங்கைக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். காதில் பஞ்சு அடைத்ததையும் காற்றை நிறுத்தியதையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் நாற்பது நாள் என்ற கெடு பிள்ளை பெற்றவளைச் சிறை வைக்க ஏற்பட்டது என்று நான் நினைக்கவில்லை. தண்ணீர் எடுப்பது, உலை வைப்பது, களத்துக்குக் கஞ்சி கொண்டுபோவது என்று ஒரு நாளும் ஓயாத பெண்ணை அந்த நாற்பது நாள் மட்டும் யாரும் வேலைக்குக் கூப்பிட முடியாது. பச்சை உடம்புக்காரி என்று ஒரு சொல் சொன்னால் மாமியாரும் வாயைத் திறக்க மாட்டார். அந்தக் கெடுவை இன்று கொடைக்காகத் தளர்த்தினால் நாளைக்குப் பந்தி பரிமாற ஆள் இல்லை என்று கூப்பிடும்போது எதைச் சொல்லி மறுப்பீர்கள்?

இன்னொரு செய்தியும் உண்டு. நாற்பது கழியாமல் பிள்ளை பெற்றவள் கோயில் எல்லையை மிதிப்பதில்லை என்பது எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் உள்ள வழக்கம். இங்கே கேள்வி கேட்டிருக்கும் மகளின் புகுந்த வீட்டிலும் மூத்தவர்கள் யாராவது இருந்தால் விசாரிக்கச் சொல்லுங்கள். 35-ஆம் நாளில் வரச் சொன்னது பேத்தியைப் பார்க்கும் ஆசையில் சொன்னதாகத்தான் இருக்கும், சாமி கேட்டதாக இருக்காது. பொருநைக்கரைத் தம்பி சொன்ன, ஊரை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் காலத்தில் இல்லை. வெளியிலிருந்து வருபவர்கள் கால் கழுவிவிட்டு வந்து, நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். பிள்ளையைக் கையில் வாங்குவது நெருங்கிய பெண்டுகள் மட்டும்தான்.

மூன்றாம் மாடி:
ஓய்வு வேண்டும் என்பதை ஏற்கிறேன் அம்மா. ஆனால் தீட்டு என்று சொல்லி அந்த ஓய்வைப் பெற என் மனம் ஒப்பவில்லை. வயிற்றைக் கிழித்துத் தைத்திருக்கிறார்கள், ஆறு வாரமாவது ஆற வேண்டும் என்று சொன்னால் அதுவே போதுமான காரணமாக இருக்க வேண்டும். மகப்பேற்றுக்குப் பிந்தைய ஆறு வாரங்களில் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் காலை மடக்கியபடி நெடுநேரம் உட்கார்ந்து பயணம் செய்வதில் எச்சரிக்கை தேவை. இந்த ஒரு காரணத்தைச் சொன்னாலே மாமியார் புரிந்துகொள்வார் என்று நம்புகிறேன்.

நாற்கரச் சாலை:
ரயிலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். கேள்வியில் கார் என்றும் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் மிகப் பெரிய ஆபத்து அதுதான். தாயின் மடியைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை என்று நம் ஊரில் நம்புகிறார்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் மோதினால்கூட நாலு கிலோ குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. முன்னிருக்கையில் மடியில் வைத்திருந்தால் காற்றுப்பை விரியும் வேகமே குழந்தைக்கு எமனாகிவிடும். 14 வயது வரையிலான பிள்ளைகளை இருக்கைப் பட்டையாலோ குழந்தைகளுக்கான இருக்கையாலோ பிணைத்திருக்க வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்கிறது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம். கைக்குழந்தைக்கு உரியது பின்னிருக்கையில், வண்டியின் பின்புறத்தைப் பார்த்தபடி பொருத்தும் இருக்கை. அதிலும் குழந்தையை நெடுநேரம் விட்டுவைக்க முடியாது. தலை நிற்காத பிள்ளைக்குத் தாடை மார்பில் கவிழ்ந்து மூச்சு அடைபடும் என்பதால், தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று வல்லுநர்கள் சொல்கிறார்கள். தாம்பரத்திலிருந்து தூத்துக்குடிப் பக்கம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். வழியெல்லாம் நிறுத்தி, எடுத்து, பாலூட்டி, மீண்டும் பிணைத்துப் போனால் கத்திரி வெயிலில் ஒரு முழுப் பகல் சாலையிலேயே கழியும்.

ஊரில் இறங்கியதும் கோயிலுக்கு இரு சக்கர வண்டியில் அழைத்துப் போவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். 2022-இல் அறிவித்த மத்திய விதி, பைக்கில் ஏற்றும் நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தலைக்கவசமும் ஓட்டுநரோடு பிணைக்கும் பட்டையும் 40 கிலோமீட்டர் வேக வரம்பும் வேண்டும் என்கிறது. அதில் தலைக்கவசம் பற்றிச் சொல்வதே ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குத்தான். அதற்கும் சிறிய குழந்தைக்குப் பொருந்தும் தலைக்கவசம் எங்கே இருக்கிறது?

பொருநைக்கரை:
கார் வேண்டாம், பைக் வேண்டவே வேண்டாம். இரண்டையும் நான் பரிந்துரைக்கவில்லை. ரயிலில் போய், கொடை நடக்கும் இரவில் கோயில் பக்கம் தலைகாட்டாமல் வீட்டு மாடியில் ஓர் அறையில் தங்கிக்கொண்டால் கூட்டத்துக்கான மறுப்பு நீங்கிவிடும் அல்லவா? ஆறு வார ஊசிக்கும் திரும்பி வரத் தேவையில்லை. தாய் சேய் நல அட்டையைக் கையில் கொண்டுபோனால் அங்குள்ள சுகாதார நிலையத்திலேயே போடுவார்கள்.

கிராமச் செவிலி:
ஊசியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அட்டையைக் காட்டினால் எந்த அரசு நிலையத்திலும் போடுவோம். ஆனால் விடிய விடிய வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் ஒலிபெருக்கியில் முழங்கும் இரவில் மாடி அறை எவ்வளவு அமைதியாக இருக்கும்? பேத்தியைக் காட்டத்தான் அழைக்கிறார்கள் என்னும்போது அந்த அறைக்குள் ஆட்கள் வராமல் தடுக்கப்போவது யார்? இந்தப் பொறுப்பைப் பிள்ளை பெற்றவள் மேல் போட்டால் அவள்தான் கெட்டபெயர் வாங்குவாள். கணவர் வாசலில் நின்று தடுப்பதாக உறுதி சொன்னால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் என் மனம் முழுதாக ஒப்பாது.

தாம்பரத்துத் தாய்:
அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு கணவரோடு சேர்ந்து இவற்றை எல்லாம் படித்தோம். கொடைக்கு அவர் மட்டும் போகிறார். மாமனாரும் மாமியாரும் கொடை முடிந்து, உடம்பில் சளி இருமல் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு தாம்பரம் வந்து ஒரு வாரம் எங்களோடு தங்குவார்கள். 14-ஆம் வார ஊசி முடிந்து, ஆடியும் கழிந்து, ஐந்தாம் மாதத்தில் ஆவணியில் முறைப்படி புகுந்த வீடு போகும்போது குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொள்கிறோம். அம்மாவிடமும் பேசிவிட்டேன், இன்று மாலை முதல் குழந்தையோடு தெருவில் நடக்கப் போகிறேன்.

பொருநைக்கரை:
உங்கள் முடிவை மதிக்கிறேன் சகோதரி. ஆயினும் நடக்க முடியாத பாட்டனும் பூட்டியும் ஊரில் இருந்தால் ஆவணிவரை அவர்களைக் காத்திருக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படி யாராவது இருந்தால் கொடைக் கூட்டம் கலைந்து ஒரு மாதம் ஆன பிறகு, சந்தடி இல்லாத ஒரு வாரநாளில், இரவு ரயிலில் கீழ்ப்படுக்கை எடுத்துப் போய் அவர்கள் மடியில் குழந்தையைக் கிடத்திவிட்டு வாருங்கள். இதற்குச் செவிலி அம்மையார் மறுப்புச் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

கிராமச் செவிலி:
10-ஆம் வார ஊசியைப் போட்டுக்கொண்டு புறப்பட்டால் மறுப்பு இல்லை. ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வரக்கூடும் என்பதால் இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்து பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள். வெப்பமானியைக் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.