நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் பிட்சர் (பந்து எறிபவர்) மரியானோ ரிவேரா: உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரு தருணம்?

எடிசன்வாசி:
2013 செப்டம்பர் 26, யாங்கி ஸ்டேடியம். சொந்த மைதானத்தில் அவருக்குக் கடைசி ஆட்டம். யாங்கீஸ் 0-4 என்று பின்தங்கிக் கிடக்கிறது, ப்ளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் பட்டச் சுற்று) வாய்ப்பும் முந்தைய நாளே போய்விட்டது. ஆனாலும் யாரும் இடத்தை விட்டு நகரவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் வந்தார், அடுத்தடுத்து நான்கு பேரை அவுட்டாக்கினார். ஒன்பதாவதில் இரண்டு அவுட் ஆனதும் அணி உட்காரும் டக்அவுட்டிலிருந்து ஆள் வருகிறது. மேனேஜர் ஜிரார்டிதான் வருகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் ஆண்டி பெட்டிட், கூடவே டெரெக் ஜீட்டர்! பிட்சரை மாற்ற சக ஆட்டக்காரர்களே நடந்து வருவதை வேறு எங்கே பார்த்திருக்கிறோம்? ரிவேரா சிரித்தார், பந்தைக் கொடுத்தார். அடுத்த நொடி பெட்டிட் தோளில் முகம் புதைத்து விம்மி விம்மி அழுதார். பெட்டிட் விடவே இல்லை, கட்டிக்கொண்டே நின்றார். எதிரணியான டாம்பா பே ஆட்டக்காரர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

652 சேவ் (அணியின் முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக் கொடுப்பது) எடுத்தவர். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரே முகம், பந்து எறிய நிற்கும் மவுண்டில் எதையும் காட்டாத மனிதர். அவர் அப்படி உடைந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அரிசோனா வெயில்:
நல்ல வழியனுப்பு, மறுக்கவில்லை. ஆனால் ரிவேரா யார் என்று தெரிய 2001 நவம்பர் 4-ஐத்தான் பார்க்க வேண்டும். அரிசோனா டைமண்ட்பேக்ஸுக்கு எதிரான உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 2-1 முன்னிலை. அரிசோனாவின் டெம்பியில் வாடகை அறையில் நாங்கள் நாலைந்து மாணவர்கள், சுற்றி முழுக்க டைமண்ட்பேக்ஸ் ரசிகர்கள். ரிவேரா வந்துவிட்டார், கதை முடிந்தது என்றே எல்லோரும் பேசினார்கள்.

அப்புறம் நடந்தது தெரியும். பன்ட் (பேட்டால் மெதுவாகத் தட்டிவிட்ட) பந்தை எடுத்து ரிவேரா இரண்டாவது பேஸுக்கு எறிந்தது தவறிப் போனது, அரிசோனாவின் வோமாக் அடித்ததில் ஸ்கோர் சமன். கடைசியில் லூயிஸ் கொன்சாலஸ். ரிவேராவின் கட்டர் (கடைசி நொடியில் பக்கவாட்டில் வளையும் வேகப்பந்து) போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது. கைப்பிடிப் பக்கமாகப் பட்டு, வேகமே இல்லாமல், ஜீட்டரின் தலைக்கு மேலே போய் விழுந்தது. ரன்னைத் தடுக்க யாங்கீஸ் ஆட்டக்காரர்கள் உள்ளே நகர்ந்து நின்றிருந்தார்கள். ஜீட்டர் வழக்கமான இடத்தில் இருந்திருந்தால் சுலபமான கேட்ச்.

இதற்குப் பின்னால் ஒன்று உண்டு. வென்றிருந்தால் நியூயார்க்கில் வெற்றி ஊர்வலம் முடிந்த பிறகே சக ஆட்டக்காரர் என்ரிக்கே வில்சன் ஊருக்குக் கிளம்பியிருப்பார். தோற்றதால் முன்கூட்டியே போய்விட்டார். அவர் போக வேண்டியிருந்த விமானம் நவம்பர் 12 அன்று குயின்ஸில் விழுந்து 265 பேர் இறந்தார்கள். நாங்கள் தோற்றதே நல்லது, நண்பன் உயிரோடு இருக்கிறான் என்று ரிவேரா பின்னாளில் சொன்னார். வாழ்க்கையின் மிகப் பெரிய தோல்வியைப் பற்றி அப்படிச் சொல்ல எப்படிப்பட்ட மனம் வேண்டும்!

குளிர்நாடன்:
2001 ஒரு ராத்திரி. 2004 ப்ளேஆஃபில் எங்கள் பாஸ்டன் ரெட் சாக்ஸ் நான்காவது ஆட்டத்திலும் ஐந்தாவது ஆட்டத்திலும் அடுத்தடுத்து வெற்றியை அவர் கையிலிருந்து பிடுங்கியது. எங்கள் டேவ் ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருடியது (பந்து அடிபடும் முன்பே ஓடிப் பிடித்தது) பாஸ்டனில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

நான் சொல்ல வந்தது 2005 ஏப்ரல் 11, எங்கள் ஃபென்வே மைதானம். எங்கள் ஆட்டக்காரர்களுக்குச் சாம்பியன் மோதிரம் கொடுத்த நாள், எதிரணி யாங்கீஸ். ரிவேரா பெயரைச் சொன்னதும் மைதானமே எழுந்து ஆரவாரம் செய்தது. கிண்டல்தான், உங்களால்தான் ஜெயித்தோம் என்று. வேறு யாராக இருந்தாலும் முகம் சுருங்கியிருக்கும். அவர் வாய்விட்டுச் சிரித்து, தொப்பியைக் கழற்றி எங்களை நோக்கி அசைத்தார். கிண்டலாக ஆரம்பித்த கைதட்டல் அதோடு நிஜமாகிவிட்டது, குறைந்தது என் வரிசையில். யாங்கீஸை வெறுத்தே வளர்ந்த பக்கத்து இருக்கைப் பெரியவர், இவரை மட்டும் வெறுக்க முடியவில்லை என்றார்.

தம்பி அப்பா:
என்னுடையது சின்னது. ஒரு இடதுகை ஆட்டக்காரருக்கு எதிராகக் கட்டர் போட்டார், பேட் உடைந்தது. முருங்கைக் கிளை முறிகிற அதே சத்தம், மேலடுக்கு வரை கேட்டது. ஓடுகிறவர் கையில் பிடி மட்டும். உடைந்த பேட்டுகளை வைத்தே மினசோட்டா அணி 2013-ல் அவருக்கு ஆடும் நாற்காலி செய்து கொடுத்தது சும்மா இல்லை.

ஆனால் லிட்டில் லீக் (சிறுவர் பேஸ்பால்) பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரிவேராவின் வீடியோவைக் காட்டி, பத்து வயதுப் பையனைக் கட்டர் போடச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பனாமாவில் புவேர்ட்டோ கைமிட்டோ என்ற மீனவ ஊரில் அட்டையில் கையுறை செய்து விளையாடியவர் அவர். அப்பாவின் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தார். இருபது வயது வரைக்கும் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நின்று பந்தைத் தடுப்பவர்), பிட்சரே இல்லை. கட்டர் அவர் கைக்கு வந்தது 1997-ல், 27 வயதில். சக பிட்சர் ராமிரோ மெண்டோசாவோடு பந்து பிடித்துப் பழகும்போது அது தானாகவே வளைய ஆரம்பித்தது. கடவுள் கொடுத்தது என்றுதான் அவரே சொல்வார்.

அதனால் பையன் எல்லா இடத்திலும் ஆடட்டும். 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பிட்ச்தான் உச்சம். 66-ஐத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். பயிற்சியாளர் எண்ணுவார் என்று இருக்காதீர்கள், நீங்களே எண்ணுங்கள். முழங்கை வலி என்று பையன் சொன்னால் அன்றைக்கே நிறுத்துங்கள், இன்னும் ஒரு இன்னிங்ஸ் என்று கெஞ்சாதீர்கள். ரிவேராவுக்கே 1992-ல் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. வளரும் எலும்புக்கு அந்தச் சுமை வேண்டாம்.

ப்ராங்க்ஸ் ரயில்:
தம்பி அப்பா, பிட்ச் கணக்கு சரி. ஆனால் கேள்வி தருணத்தைப் பற்றியது.

எடிசன்வாசி, மவுண்டில் எதையும் காட்டாத மனிதர் என்பதை நான் ஏற்க மாட்டேன். 2003 அக்டோபர், ரெட் சாக்ஸுக்கு எதிராக ப்ளேஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டம். குளோசர் (ஆட்டத்தை முடித்துவைக்க வரும் பிட்சர்) என்றால் ஒரு இன்னிங்ஸ், அவ்வளவுதானே? அன்றைக்கு 9, 10, 11 மூன்றும் அவரே போட்டார், ஒரு ரன் கொடுக்கவில்லை. 11-வது இன்னிங்ஸில் யாங்கீஸ் அடிக்க வந்தபோது முதல் பந்திலேயே எங்கள் ஆரன் பூன் ஹோம் ரன் அடித்தார். எல்லோரும் பூனைச் சூழ ஓடினார்கள். நான் தற்செயலாக மவுண்டைப் பார்த்தேன். ரிவேரா தனியாக அங்கே ஓடிப்போய் மண்ணில் குப்புற விழுந்து அழுதுகொண்டிருந்தார். மொத்த ஸ்டேடியமும் வேறு பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

குளிர்நாடன், மன்னிக்கணும், உங்கள் ஊர்க்காரர்களுக்கு அது கசப்பான ராத்திரி. ஆனால் அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது பூனுக்கு இல்லை, ரிவேராவுக்கு. ப்ளேஆஃப்களில் மொத்தம் 141 இன்னிங்ஸ் போட்டு, அவர் கணக்கில் ஏறிய ரன் 11-தான்.