கூரைப் பீலியும் பனிக்கட்டியும்: பழைய வீடுகளில் எங்கள் அனுபவங்கள்

எங்கள் வீடு கட்டி 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதை வாங்கிக் குடிபுகுந்த முதல் குளிர்காலத்திலேயே வாசல் பக்கக் கூரைப் பீலி (கூரையிலிருந்து வழியும் நீரை ஏந்திக்கொள்ளும் விளிம்பு வாய்க்கால்) முழுவதும் பனிக்கட்டியால் நிரம்பி, அதன் விளிம்பிலிருந்து மணிக்கட்டுப் பருமனில் கூர்கூராகத் தொங்கத் தொடங்கியது. பழைய வீடு என்றால் இப்படித்தான் இருக்கும் போலும் என்று விட்டுவிட்டோம். பிப்ரவரியில் ஒரு நாள் வெயில் சற்று உறைத்தபோது முன்னறை ஜன்னலின் மேற்சட்டத்திலிருந்து நீர் சொட்டியது. அன்று மழை இல்லை. அந்தச் சுவர் வழியாகத் தண்ணீர்க் குழாய் எதுவும் போகவும் இல்லை.

பீலி அடைத்துக்கொண்டதுதான் காரணம் என்று முடிவு செய்து, அடுத்த இலையுதிர்காலத்தில் மரங்கள் முற்றிலும் மொட்டையாகும் வரை காத்திருந்து அதைச் சுத்தம் செய்தேன். மேலே கிடந்த இலைகளை எடுத்த பிறகு அடியில் கறுப்புச் சேறும், அதற்கும் அடியில் கரடுமுரடான மணல் போன்ற துகள்களும் இருந்தன. அந்தத் துகள்கள் கூரையில் வேய்ந்திருக்கும் தார்த் தகடுகளின் மேற்பரப்பிலிருந்து உதிர்ந்தவை. புதுக் கூரையில் தொடக்கத்தில் சிறிது உதிர்வது இயல்புதான் என்றாலும், பழைய கூரையிலிருந்து கைநிறைய வந்தால் தகடுகளின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எல்லாவற்றையும் வாரி எடுத்துவிட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், தங்குதடையின்றி ஓடியது. ஆனாலும் அந்தக் குளிர்காலத்திலும் அதே இடத்தில் அதே பனிக்கட்டி வந்து நின்றது. அதற்கடுத்த ஆண்டு கூரை விளிம்பில் மின்சூட்டுக் கம்பி பொருத்தினோம். கம்பி போன வழியில் மட்டும் நீர் இறங்கியது. சுவரில் விழுந்திருந்த பழுப்புக் கறை மேலும் ஒரு சாண் வளர்ந்தது.

மூன்றாம் ஆண்டில் வீடுகளைப் பரிசோதிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்தோம். அவர் பீலியை ஏறெடுத்தும் பார்க்காமல், "முதலில் பரணைத் திறந்து காட்டுங்கள்" என்றார். கூரைக்கு அடியில் உள்ள அந்தப் பரணுக்குள் நான் அதுவரை தலையை நீட்டியதுகூட இல்லை. விளக்கை அடித்துப் பார்த்தபோது, கூரைப் பலகையைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஒவ்வோர் ஆணி முனையிலும் வெண்ணிறத்தில் உறைபனி பூத்திருந்தது. குளியலறையின் ஈரக்காற்றை வெளியேற்றும் விசிறியின் குழாய், கூரையைத் தாண்டி வெளியே போகாமல் பரணுக்குள்ளேயே முடிந்திருந்தது. பரணுக்கு ஏறும் கதவின் விளிம்புகளிலும், உட்கூரையில் விளக்குகளுக்காக வெட்டிய துளைகளிலும் வீட்டின் சூடு ஓயாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அன்றுதான் எனக்கு முழுக் கதையும் புரிந்தது. வீட்டுக்குள்ளிருந்து கசியும் வெப்பம் கூரையின் மேற்பகுதியைச் சூடாக்க, அங்கு கிடக்கும் பனி அடியிலிருந்து உருகி நீராக வழிந்து வருகிறது. சுவரைத் தாண்டி வெளியே நீட்டியிருக்கும் கூரை விளிம்புக்கு அடியில் சூடு இல்லாததால், அந்த நீர் அங்கு வந்ததும் மறுபடி உறைகிறது. இப்படி நாள்தோறும் சேரும் பனிக்கட்டி ஓர் அணையாக எழும்புகிறது. பின்னால் வரும் நீர் அதில் தேங்கி, தகடுகளின் இடுக்கில் மேல்நோக்கி ஏறிச் சுவருக்குள் இறங்குகிறது. பீலி இந்த அணைக்கு ஒரு படிக்கட்டுதானே தவிர மூலகாரணம் அன்று. நாங்கள் முதலில் துளைகளையும் இடுக்குகளையும் அடைத்தோம். விசிறிக் குழாயைக் கூரைக்கு வெளியே நீட்டினோம். அதன் பிறகே பரணின் தரையில் சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன் அடுக்கை உயர்த்தினோம். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் இடுக்குகளை அடைக்காமல் மேலே இன்சுலேஷனைக் கொட்டினால் ஈரக்காற்று அதனூடே ஏறிப் பலகையை நனைத்துக்கொண்டே இருக்கும். கூரை விளிம்பின் அடியில் காற்று நுழையும் துவாரங்களை இன்சுலேஷன் மூடிவிடாதபடி தடுப்புகளும் வைத்தோம். அடுத்த குளிர்காலத்தில் வடக்குப் பக்கத்தில் மட்டும் விரல் பருமனில் சில கூர்கள் தொங்கின. சுவர் காய்ந்தே இருந்தது.

*

மேலே எழுதிய ஐயாவுக்கு வணக்கம். உங்களுக்குக் கூரையில் வந்த தொல்லை எங்களுக்கு நிலவறையில் வந்தது. எங்கள் பீலிகளில் அடைப்பு எதுவும் இல்லை, தொங்கும் பனிக்கட்டியும் மிகக் குறைவு. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பனி உருகும் வாரத்தில் நிலவறையின் ஒரு மூலை மட்டும் ஈரமாகி, சுவரில் வெள்ளைத் தூளாக உப்புப் படிந்துவிடும். அந்த மூலைக்கு நேர் வெளியேதான், பீலியின் நீரைக் கீழே கொண்டுவரும் இறங்குகுழாய் தரையைத் தொடுகிறது என்பதைக் கவனிக்க எனக்கு இரண்டு வசந்தங்கள் ஆயின.

அந்தக் குழாய் தரைக்குள் இறங்கி, வீடு கட்டிய காலத்தில் புதைத்த சுட்ட மண்குழாயோடு இணைந்திருந்தது. பழைய வீடுகளில் இந்த அமைப்பு பரவலாக இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் நீர் எங்கோ ஒழுங்காகப் போய்விடுகிறது என்றே தோன்றும். ஆனால் மண்குழாயின் இணைப்புகளில் மரவேர்கள் புகுந்து அடைத்துவிட்டதால், கூரை நீர் முழுவதும் அஸ்திவாரத்தை ஒட்டியே மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் உள்ளே தேங்கிய நீர் உறைந்துவிட, மேலே இறங்குகுழாயின் மடிப்புத் தையலும் பிளந்திருந்தது. நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது; மெல்லிய தகரம் அதைத் தாங்காது.

எவ்வளவு நீர் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் இறங்குகிறது. மாதக்கணக்கில் சேர்ந்த பனி சில நாள்களில் உருகும்போது, நிலமோ இன்னும் உறைந்து கிடப்பதால், அந்த நீர் ஆழமாக ஊறிப்போகவும் வழியில்லாமல் சுவரைத் தேடி வருகிறது.

நாங்கள் மண்குழாயைத் துண்டித்து அதன் வாயை மூடிவிட்டு, இறங்குகுழாயைத் தரைக்கு மேலேயே வளைத்து அஸ்திவாரத்திலிருந்து 6 அடி தள்ளிக் கொண்டுபோனோம். முதலில் அதை நடைபாதைப் பக்கம் திருப்பியது என் தவறு. பகலில் உருகி வந்த நீர் இரவில் கண்ணாடித் தகடு போல உறைந்திருக்க, விடியற்காலையில் குப்பைத் தொட்டியை இழுத்துப் போன என் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் அந்தக் கை இன்றும் முழுமையாகத் திரும்புவதில்லை. குழாயின் வாய் எங்கே முடிய வேண்டும் என்று முடிவு செய்யும் முன், அந்த வழியில் அதிகாலையில் யார் நடப்பார்கள் என்பதையும் தயவுசெய்து யோசியுங்கள்.

*

நான் தச்சு வேலை தெரிந்தவன் என்பதால் பீலியைத் தாங்கும் மரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பழைய வீடுகளில் பீலியின் முன் விளிம்பிலிருந்து பின்னால் உள்ள விளிம்புப் பலகை வரை நீண்ட ஆணிகளை அடித்து நிறுத்தியிருப்பார்கள். உறைவதும் உருகுவதுமாகப் பல ஆண்டுகள் போகும்போது இந்த ஆணிகள் மெல்ல வெளியே வந்துவிடும். அவற்றை அதே துளையில் மீண்டும் அடித்து இறக்குவதில் பயனில்லை. ஒரே பனிக்காலத்தில் திரும்பவும் வந்துவிடும். எங்கள் வீட்டில் ஓர் ஆணியைக் கையாலேயே உருவ முடிந்தது. சந்தேகப்பட்டு அந்தப் பலகையில் திருப்புளியை வைத்து அழுத்தியபோது, அது ஈரமான அட்டைக்குள் போவது போல முக்கால் அங்குலம் உள்ளே இறங்கியது. கூரை விளிம்பில் நீரைப் பீலிக்குள் தள்ளிவிடும் தகர மடிப்பு இல்லாததால், நீர் பீலிக்குப் பின்புறமாகவே வழிந்து பலகையை உளுத்துப்போக வைத்திருந்தது.

பலகையை மாற்றி, அந்த மடிப்பையும் பொருத்தி, பீலியை உள்ளிருந்து தாங்கும், திருகாணியால் முடுக்கும் உட்பிடிப்புகளை 16 அங்குலத்துக்கு ஒன்றாக வைத்தேன். பனி இல்லாத இடங்களுக்கு 24 அங்குலம் போதும்; பனிக்கட்டியின் பாரத்துக்கு அது போதாது. இறங்குகுழாயை நோக்கி 10 அடிக்குக் கால் அங்குலம் சரிவு இருக்கும்படி நூல் பிடித்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். பீலியின் முன் விளிம்பு, கூரைச் சரிவை நீட்டினால் வரும் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் மொத்தமாகச் சறுக்கி வரும் பனி பீலியைப் பிய்த்துக்கொண்டு போகாமல் அதன் மேலாகத் தாண்டி விழும்.

*

பனிக்கட்டியைக் கண்டதும் சுத்தியலை எடுப்பவர்களுக்காக என் அனுபவம். ஏணியில் நின்று நான் தட்டிய நான்காவது தட்டில் பனிக்கட்டியோடு கூரைத் தகடும் பெயர்ந்து வந்தது. குளிரில் அது பிஸ்கட் போல நொறுங்கும் என்பது எனக்குத் தெரியாது. பெயர்ந்த கட்டி ஏணியின் காலில் மோதியது. நான் விழாமல் தப்பியது கீழே என் மகன் பிடித்திருந்ததால்தான். இப்போது கால்சியம் குளோரைடைப் பழைய நீளக் காலுறையில் நிரப்பிக் கட்டி, அணைக்குக் குறுக்காகக் கிடத்துகிறோம்; அது சில மணி நேரத்தில் நீர் வடிய ஒரு வாய்க்காலைத் திறந்துவிடும். சாதாரண உப்பைப் போடாதீர்கள், அது தகரத்தை அரிக்கும், கீழே உள்ள செடிகளையும் கொல்லும். புதுப்பனி விழுந்ததும் தரையில் நின்றபடியே நீளக் கைப்பிடி வாரியால் விளிம்பை ஒட்டிய மூன்று நான்கு அடிப் பனியை இழுத்துவிடுவது இதையெல்லாம்விட எளிது. ஆனால் கூரையை ஒட்டி மின்கம்பி போகும் பக்கத்தில் அந்த வாரியை நீட்டவே கூடாது.

*

முதலில் எழுதியவன் மீண்டும் எழுதுகிறேன். தச்சு தெரிந்த நண்பர் சொன்ன திருப்புளிச் சோதனையை நேற்று எங்கள் வீட்டிலும் செய்தேன். வாசல் பக்கத்தில், மூன்று ஆண்டுகள் அந்த அணை நின்ற அதே இடத்தில், இரண்டு அடி நீளத்துக்குப் பலகை மெத்தென்று இருக்கிறது. அதை வசந்தம் வரை விட்டுவைக்க மனமில்லை. இந்த வார இறுதியில் காய்ந்த நாள் ஒன்று கிடைத்தால் மாற்றிவிடுவேன். 16 அடி உயரத்துக்கு 4 அடி தள்ளி ஏணியின் அடியை ஊன்றி, அதன் தலை பீலியின் மேல் சாயாமல் சுவரில் படும்படி தாங்கு கட்டையும் பொருத்தி வைத்திருக்கிறேன். கீழே பிடித்துக்கொள்ளத் தம்பி வருகிறான். அம்மாவின் கையைப் பற்றி எழுதிய சகோதரிக்கு ஒரு செய்தி: எங்கள் இறங்குகுழாயின் வாயும் நடைபாதையைப் பார்த்தே இருந்தது, இன்று காலை அதைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிட்டோம்.