ஜெர்மனியில் வேலை போனால்: முதல் மூன்று நாளும் முதல் மூன்று வாரமும்

படித்து வேலைக்கு வரும் வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அனுமதியான ப்ளூ கார்டில் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து பதினான்கு மாதம் ஆன ஒரு தம்பி நேற்று இரவு கேட்டிருந்தார்: “திங்கட்கிழமை அறைக்குக் கூப்பிட்டு, உங்கள் பதவியை நீக்குகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் போட்டால் கூடுதல் பணம் என்கிறார்கள். ப்ளூ கார்டு என்ன ஆகும்? ஊருக்குத் திரும்ப வேண்டியதுதானா?”

தம்பி, ஊருக்குத் திரும்புவதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தும் போட வேண்டாம். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிட்டு மற்றதை விரிவாக எழுதுகிறேன். 2024இல் எனக்கும் இதே அறை, இதே காகிதம். மேசைமேல் இரண்டு பிரதிகள், அவற்றின் குறுக்கே மூடி கழற்றி வைத்த ஒரு பேனா. எதிரே இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். “இது உங்களுக்கும் நல்லது” என்றார்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கிறேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, ஆனாலும் சொன்னேன். அந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் காப்பாற்றியது.

அந்தக் காகிதத்தின் பெயர் அவுஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக். இரு தரப்பும் சம்மதித்து வேலையை முடித்துக்கொள்ளும் ஒப்பந்தம். அதில் கையெழுத்துப் போட்டால், வேலையை விடுவதற்கு நீங்களும் சம்மதித்தீர்கள் என்று அர்த்தமாகிவிடும். அப்போது வேலையில்லாக் கால உதவித்தொகை பன்னிரண்டு வாரம் வரை நிறுத்தி வைக்கப்படலாம். ஷ்பெர்ட்ஸைட் என்று அதற்குப் பெயர். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் உங்கள் ஒப்பந்தம் அந்த விதிவிலக்கில் வருகிறதா என்பதைத் தொழிலாளர் சட்டம் படித்த வழக்கறிஞர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் மனிதவளத் துறை சொல்வதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கடைசி 30 மாதத்தில் 12 மாதம் வேலையின்மைக் காப்பீடு செலுத்தியிருந்தால், ஆர்பைட்ஸ்லோசன்கெல்ட் என்ற அந்த உதவித்தொகை கிடைக்கும். 12 மாதத்துக்கு ஆறு மாத உதவி, 16 மாதத்துக்கு எட்டு மாதம், 24 மாதத்துக்கு ஒரு வருடம். உங்களுக்கு இப்போது 14 மாதம். ஒப்பந்தப்படி மூன்று மாத நோட்டீஸ் இருந்தால், அது முழுதாக ஓடி முடியும்போது 17 மாதம் ஆகிவிடும். அதாவது எட்டு மாத உதவி. “இந்த மாதக் கடைசியிலேயே முடித்துக்கொள்வோம், பணம் தருகிறோம்” என்பவர்கள் உங்களிடமிருந்து எதை வாங்குகிறார்கள் என்று இப்போது புரிகிறதா? நோட்டீஸ் காலத்தில் ஒரு நாளைக்கூட விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் அவர்கள் பணிநீக்கக் கடிதம் தருவார்கள். தரட்டும். இங்கே பணிநீக்கம் காகிதத்தில், பேனாவால் போட்ட கையெழுத்தோடு வந்தால்தான் செல்லும். மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் செல்லாது. எனக்கு ஒரு ஆள் கொண்டுவந்து தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். உறையின்மேல் அன்றைய தேதியையும் நேரத்தையும் எழுதி வைத்தேன். எல்லாக் கெடுவும் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.

இனி நான் செய்த தவறைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாமல் இருப்பதற்காக. கடிதம் வந்த பிறகு பன்னிரண்டு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்கு வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, மைலாண்டர் பிளாட்ஸில் இருக்கும் நகர நூலகத்துக்குப் போனேன். வெள்ளை வெளேர் என்ற அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மாலை வரை உட்கார்ந்திருப்பேன். கோயம்புத்தூரிலிருந்து அம்மா அழைத்தால் “ஆபீசில் இருக்கிறேன் அம்மா, அப்புறம் பேசுகிறேன்” என்பேன். நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்பது மட்டுமே மனதில் ஓடியது. அந்தப் பன்னிரண்டு நாளில் ஒரு கெடு கடந்துபோய்விட்டது.

வேலை முடிவதற்கு மூன்று மாதம் முன்பே, அதற்கும் குறைவாகத்தான் அவகாசம் இருக்கிறது என்றால் தெரிந்த மூன்று நாளுக்குள், “வேலை தேடுபவர்” என்று வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும். எல்லாரும் இன்னும் ஆர்பைட்ஸ்ஆம்ட் என்றே சொல்லும் அதே அலுவலகம்தான். இணையத்திலோ தொலைபேசியிலோ பதியலாம், பத்து நிமிட வேலை. நான் தாமதித்ததால் ஒரு வாரத் தொகை போயிற்று. கடைசி வேலைநாள் முடிந்து, வேலையில்லாத முதல் நாளுக்குள் “வேலையற்றவர்” என்று இரண்டாவது முறை பதிய வேண்டும். இது வேறு, அது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இந்தத் தொகையை வாங்க நம்மவர்கள் பலர் கூசுகிறார்கள். அரசாங்கத்திடம் கை நீட்டுவதா, விசாவுக்குக் கெடுதல் வருமோ என்கிறார்கள். தயவுசெய்து இதைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் சம்பளச் சீட்டில் மாதாமாதம் பிடித்தார்களே, அந்தக் காப்பீட்டின் பயன்தான் இது. நிகரச் சம்பளக் கணக்கில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67 சதவீதம். மருத்துவக் காப்பீட்டையும் அவர்களே கட்டுவார்கள். பியூர்கர்கெல்ட் என்ற பெயரில் அறிந்த அடிப்படை உதவி வேறு வகை. அது வரிப்பணத்திலிருந்து வருவது, குடியிருப்பு அனுமதியைப் பாதிக்கக்கூடும். வந்து பன்னிரண்டு மாதம் ஆகாதவர்கள் அதற்கு விண்ணப்பிக்கும் முன் கட்டாயம் ஆலோசனை கேளுங்கள்.

மூன்றாவது கெடுதான் மிகப் பெரியது. பணிநீக்கத்தை எதிர்க்க வேண்டும் என்றால் கடிதம் கைக்கு வந்த மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். தவறினால், எவ்வளவு அநியாயமான பணிநீக்கமும் சட்டப்படி சரியானதாகிவிடும். ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்திருந்து, நிறுவனத்தில் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் உங்களுக்குப் பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். நீதிமன்றம் என்றதும் நமக்கு வயிற்றைக் கலக்கும். ஊரில் கோர்ட்டு வாசலை மிதிக்காத குடும்பம் என்று பெருமை பேசி வளர்ந்தவர்கள் நாம். இங்கே அது அன்றாட நடைமுறை. மனுவை வழக்கறிஞர் இல்லாமல், நீதிமன்றத்தின் மனு எழுதும் பிரிவில் வாய்மொழியாகவே கொடுக்கலாம். முதல் கட்டத்தில் யார் வென்றாலும் அவரவர் வழக்கறிஞர் செலவு அவரவருக்கு. நான் பத்தொன்பதாம் நாள் போட்டேன். சமரச அமர்வு கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. நீதிபதி இரு பக்கமும் கேட்டார், ஒரு தொகையைச் சொன்னார், முடிந்தது. வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்பது இழப்பீட்டுப் பேச்சைத் தொடங்கும் இடம். அது உங்கள் உரிமைத் தொகையும் அல்ல, உச்ச வரம்பும் அல்ல.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால், ஃபேரே இன்டெக்ராட்ஸியோன் (Faire Integration) என்ற ஆலோசனை மையங்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு வேலைச் சட்டத்தில் இலவசமாக வழிகாட்டுகின்றன. ஐ.ஜி. மெட்டால் என்ற உலோகத் துறைத் தொழிற்சங்கத்தில் மூன்று மாதம் உறுப்பினராக இருந்தவர்களுக்குச் சங்கமே சட்ட உதவி தருகிறது. வேலை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சேர்ந்து வையுங்கள் என்று இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்.

ப்ளூ கார்டுக்கு வருகிறேன். வேலை முடிவது தெரிந்த இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை. நிறுவனமும் தன் பங்குக்குத் தெரிவிக்கும். எனவே மறைத்துப் பயனில்லை. தெரிவித்ததும் கார்டு பறிபோகாது. வேறு வேலை தேடப் பொதுவாக மூன்று மாதமாவது தருகிறார்கள், இரண்டு வருடத்துக்கு மேல் கார்டு வைத்திருப்பவர்களுக்கு அதற்கும் கூடுதலாக. கார்டோடு தந்த ட்ஸூஸட்ஸ்பிளாட் என்ற மடிப்புத் தாளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இந்த நிறுவனத்தில் வேலை முடிந்தால் அனுமதியும் முடிந்துவிடும் என்று சிலருடைய தாளில் ஒரு வரி இருக்கும். உங்களுடையதில் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

அலுவலகக் கணினியை ஒப்படைக்கும் முன் சம்பளச் சீட்டுகள், விடுப்புக் கணக்கு, பாராட்டிய மின்னஞ்சல்களின் தேதிகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் கோப்புகளைத் தொடாதீர்கள். அது வேறு வம்பு.

இப்போது சான்றிதழ். நிறுவனம் எழுதித் தரும் ஆர்பைட்ஸ்ட்ஸொய்க்னிஸ் என்ற பணிச் சான்றிதழ் இல்லாமல் இங்கே வேலை தேடுவது கடினம். என்னுடையதை வாங்கியபோது எனக்கு மகிழ்ச்சி. முழுக்கப் பாராட்டு போலத்தான் இருந்தது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை இருக்கிறார். பெருமையோடு அவரிடம் காட்டினேன். சமையலறை மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலால் வரிவரியாகத் தொட்டுப் படித்தார். ஓர் இடத்தில் பென்சில் நின்றது. “ஷ்டெட்ஸ் எங்கே?” என்றார். எப்போதும் என்று பொருள். “எப்போதும் எங்களுக்கு முழு நிறைவு தந்தார்” என்றால் இரண்டாம் தரம். “எப்போதும்” இல்லாவிட்டால் மூன்றாம் தரம். “முழு”வும் போய்விட்டால் நான்காம் தரம். “முயற்சி செய்தார்” என்று எழுதியிருந்தால் வேலையே தெரியாதவர் என்று அர்த்தம். சின்னச் சொல் ஒன்று காணாமல் போனதில் என் மூன்று வருட உழைப்பு ஒரு படி இறங்கியிருந்தது. திருத்தக் கேட்டு எழுதினேன், திருத்தித் தந்தார்கள். உங்களுடையதை ஜெர்மானியர் ஒருவரிடம் காட்டாமல் எங்கும் அனுப்பாதீர்கள்.

தேடுவதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டுட்கார்ட்டைச் சுற்றிக் கார்த் துறையிலேயே முட்டிக்கொண்டிருக்காதீர்கள். எனக்கு நான்கு மாதம் கழித்துக் கிடைத்த வேலை டுட்லிங்கனில், அறுவைசிகிச்சைக் கருவிகளுக்குப் பெயர்போன ஊர். காரின் பிரேக் மென்பொருளுக்குப் பாதுகாப்பு ஆவணம் எழுதிய கைக்கு மருத்துவக் கருவிக்கு எழுதுவது அந்நியமாக இல்லை. ஆனால் சிறு ஊர் நிறுவனங்களில் நேர்காணல் ஜெர்மனில்தான் நடக்கும். உதவித்தொகை வாங்கும் காலத்தில் மொழி வகுப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஆர்பைட்ஸ்ஆம்டே பணம் தரலாம். கேட்டால்தான் தருவார்கள். விண்ணப்பச் செலவு, நேர்காணல் பயணச் செலவுக்கும் உதவி உண்டு, ஆனால் செலவழிக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

பதற்றத்தில் சம்பளத்தைக் குறைத்து ஒப்புக்கொள்ளும் முன் ப்ளூ கார்டின் குறைந்தபட்ச ஊதியத்தைப் பாருங்கள். 2025இல் அது ஆண்டுக்கு 48,300 யூரோவாகவும், கணினித் துறை போன்ற ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்கு 43,759.80 யூரோவாகவும் இருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும்.

இன்று காலை ஒரு தங்கை கேட்டிருந்தார்: “இந்த இடைவெளியில் ஊருக்குப் போய் இரண்டு மாதம் அம்மாவோடு இருந்துவிட்டு வரலாமா?” ஆசை புரிகிறது, தங்கை. ஆனால் உதவித்தொகை வாங்கும்போது ஆண்டுக்கு மூன்று வாரம்தான் வெளியூர் போகலாம், அதுவும் முன்கூட்டியே அனுமதி வாங்கி. சொல்லாமல் போனால் தொகை நிற்கும், வாங்கியதைத் திருப்பிக் கட்டவும் சொல்வார்கள். நோட்டீஸ் காலத்தில் வேலையிலிருந்து விடுவித்து, மீதமுள்ள விடுப்பையும் தந்திருந்தால் அப்போதே போய் வந்துவிடுங்கள்.

புது வேலையில் சேர்ந்த பிறகு பெரும்பாலும் ஆறு மாதம் ப்ரோபட்ஸைட் என்ற சோதனைக் காலம். இரண்டு வார நோட்டீஸில் எந்தப் பக்கமும் முடித்துக்கொள்ளலாம். அதனால் அந்த ஆறு மாதத்துக்குள் கார்க் கடன், பெரிய வீடு எதற்கும் போகாதீர்கள். முதல் நான்கு வாரத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் நிறுவனம் சம்பளம் தர வேண்டியதில்லை, மருத்துவக் காப்பீடுதான் தரும். நான் முதல் நாளே மேலாளரிடம், மாதம் ஒருமுறை என் வேலை எப்படி என்று பேச அரை மணி நேரம் கேட்டு வாங்கினேன். இங்கே குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். முதல் மாதமே கேட்டது என் காதுக்குக் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்தாம் மாதம் கேட்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அம்மாவிடம் ஆறு வாரம் கழித்துத்தான் சொன்னேன். “சாப்பிட்டாயா?” என்று கேட்டார். அடுத்ததாக “ஏன்டா அப்பவே சொல்லல?” என்றார். தம்பி, இன்று மாலையே வீட்டில் சொல்லிவிடுங்கள், நாளைக் காலை பதிவைச் செய்துவிடுங்கள். கடிதம் வந்துவிட்டால் அது கைக்கு வந்த தேதியை இங்கே எழுதுங்கள். மூன்று வாரம் எந்தக் கிழமையில் முடிகிறது என்று சேர்ந்தே எண்ணிப் பார்ப்போம்.