எம்டன் கப்பலில் செண்பகராமன் வந்தாரா?

தண்டையார்பேட்டையிலிருந்து:

போன வருஷம் மகளுக்கு ஸ்கூல்ல பேச்சுப் போட்டி. தலைப்பு எம்டன். எங்க பக்கம் பழகின பேருதான். நான் சேட்டை பண்ணா ஆயா ‘சரியான எம்டன்டா நீ’ன்னுதான் திட்டும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, கடல்ல நின்னு மெட்ராஸ் மேல குண்டு போட்டு, பர்மா ஆயில் கம்பெனி டேங்குகளைக் கொளுத்திட்டுப் போன ஜெர்மன் கப்பல் அது.

போன்ல தேடினோம். அந்தக் கப்பல்ல சுதந்திரப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளையும் வந்தார்னு பத்து இடத்துல போட்டிருந்தது. பத்து பேர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எழுதிக்கிட்டா. அப்புறம்தான் கவனிச்சேன், பத்துலயும் ஒரே பத்தி. ‘துறைமுகம்’ எல்லாத்துலயும் ‘துரைமுகம்’! ஒருத்தர் எழுதினதை ஒன்பது பேர் அப்படியே இறக்கியிருக்காங்க.

கிளை நூலகத்துக்குக் கிளம்பினா வெள்ளிக்கிழமை, லீவு. மறுநாள் போனோம். கூத்து என்னன்னா, முதல்ல எடுத்த புத்தகத்துலயும் அதே கதை. ‘பாத்தியாப்பா, புக்லயே இருக்கு’ன்னா. நூலகர் சிரிச்சார். ‘அச்சுல வந்துட்டா நிஜமாம்மா? அந்த மாசம் அவர் எங்க இருந்தாருன்னு பாரு’ன்னு வேற அலமாரியைக் காட்டினார். அரை மணி நேரம் தூசி தட்டினதுல கிடைச்சுது: 1914 செப்டம்பர்ல அவர் சூரிச்ல இந்திய ஆதரவுக் குழு நடத்திக்கிட்டு இருந்தார், அங்கிருந்து போனது பெர்லினுக்கு. எம்டனோ சீனாவுல சிங்டாவ் துறைமுகத்துலேர்ந்து கிளம்பி வந்த கப்பல். ஐரோப்பாப் பக்கமே எட்டிப் பார்க்கலை. அப்புறம் எங்க ஏறியிருப்பார்?

பேச்சுல அந்த வரியை அடிச்சுட்டா. ‘செண்பகராமனைச் சொல்லாம விட்டுட்டியே’ன்னு நடுவர் ஒருத்தர் மார்க் குறைச்சுட்டாராம்.

காசிமேட்டிலிருந்து:

நூலகம் எனக்கும் பிடிக்கும் அண்ணே. ஆனா 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்சு வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நின்னப்போ எந்த அலமாரியைத் திறக்கிறது? வாட்ஸப்புல ஒருத்தர் அழாத குறையா, ‘நாளைக்கு இதைவிடப் பெரிய புயல் வருது, எல்லாருக்கும் அனுப்புங்க’ன்னு ஆடியோ. மச்சான் போட்டை நினைச்சு சோறே இறங்காம உக்காந்திருந்தான். வானிலை மையத்தோட தளத்தைத் திறந்து காட்டினேன், அப்படி ஒரு எச்சரிக்கையே இல்ல. அப்புறம்தான் சாப்பிட்டான்.

அந்த ஆடியோ போன மாசம் எங்க குரூப்புக்குத் திரும்ப வந்துச்சு. அதே குரல், அதே ‘நாளைக்கு’.