வாத்து வேட்டைக் குழு: அக்டோபரில் எங்கே?

அருண்: அக்டோபர் முதல் இரண்டு வாரம் லீவு கிடைத்துவிட்டது 🦆 ஆர்கன்சாஸ் மாநிலம் போகலாமா? அங்கே ஸ்டட்கார்ட் என்ற ஊர்தான் வாத்து வேட்டையின் தலைநகரமாம்.

சித்தப்பா: தலைநகரம்தான் தம்பி. ஆனால் நீ போகும்போது அங்கே மல்லார்ட் என்ற காட்டு வாத்தின் வேட்டை சீசன் திறந்திருக்காது. நவம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி கடைசி வரை நடக்கும். வடக்கே குட்டைகள் உறைந்தால்தான் பறவைகள் தெற்கே இறங்கும். பெயரைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதே, தேதியைப் பார்.

கவிதா: அப்படியென்றால் நார்த் டகோட்டா? அதுவும் அமெரிக்காவிலேயே இருப்பதால் எல்லை தாண்டும் தொல்லை இல்லை.

செந்தில்: நல்ல இடம். வெளி மாநிலத்தவருக்கு லைசென்ஸ் 14 நாள்தான், வேண்டுமானால் ஏழு ஏழாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் சீசனின் முதல் வாரம் அந்த மாநிலத்துக்காரர்களுக்கு மட்டும். நம் லீவின் தொடக்கம் அதில் மாட்டினாலும் மாட்டும்.

சித்தப்பா: என் ஓட்டு கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்துக்கு. அறுவடை முடிந்த பார்லி, பட்டாணி வயல்களில் ஸ்னோ கூஸ், கனடா கூஸ் என்ற இரண்டு வகைக் காட்டு வாத்துகளும் (கூஸ் என்றால் பெரிய வாத்து) கூட்டம் கூட்டமாக மேய வரும். முதல் நாள் மாலை எந்த வயலில் இறங்குகின்றன என்று பார்த்து வைத்துவிட்டு, மறுநாள் விடியுமுன் அங்கேயே அவற்றை ஏமாற்றி இறக்க பறவை பொம்மைகளைப் பரப்பிப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். தண்ணீரில் நிற்க வேண்டாம். என் முழங்காலுக்கும் நல்லது 😄

அருண்: யார் வயலில் வேண்டுமானாலும் படுத்துக்கொள்ளலாமா சித்தப்பா?

சித்தப்பா: கூடாது. 2022 முதல் அங்கே நில உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம். விவசாயிகளுக்கு போன் போடுவது உன் வேலை.

கவிதா: துப்பாக்கியை எல்லையில் எப்படிக் கொண்டு போவது?

செந்தில்: கனடா மத்திய போலீஸான ஆர்.சி.எம்.பி.யின் 5589ஆம் எண் படிவம், கட்டணம் 25 கனடா டாலர், 60 நாள் செல்லும். மூன்று பிரதி எடுத்துக்கொள், ஆனால் கையெழுத்தை எல்லையில் அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். வேட்டை பெர்மிட் தனி.

அருண்: எனக்கு ஆண் வாத்து, பெட்டை வித்தியாசமே சரியாகத் தெரியாது. பரவாயில்லையா?

சித்தப்பா: அக்டோபர் தொடக்கத்தில் பழையவர்களே தடுமாறுவார்கள். ஆண்களுக்கு வண்ணச் சிறகு முழுதாக வந்திருக்காது. நார்த் டகோட்டாவில் என்றால் மல்லார்ட் பெட்டை ஒருவர் நாளுக்கு 2தான் சுடலாம், அங்கே பயந்துகொண்டே சுடுவாய். முதல் பயணத்துக்கு கூஸ்தான் சரி.

கவிதா: எனக்கும் சம்மதம். ஆனால் வெள்ளக்காட்டில் மரத்தடியில் நின்று மல்லார்டை விசில் ஊதி இறக்குவதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டிசம்பரில் ஆர்கன்சாஸ்.

சித்தப்பா: டிசம்பரில் தாராளமாக. என் முழங்காலை மட்டும் கூப்பிடாதே.

செந்தில்: நாய்?

கவிதா: வரும். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று கையில் வேண்டும், திரும்பி வருவதற்கான படிவத்தையும் பார்த்துக்கொள்கிறேன். துப்பாக்கிக்கு எஃகு ரவை நானே வாங்குகிறேன். யாராவது பழைய ஈய ரவையைப் பெட்டியில் வைத்திருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அருண்: 👍 விவசாயிகளின் நம்பர் அனுப்புங்கள் சித்தப்பா.