கதையில் வரும் சுவரைக் கட்ட எத்தனை ஆண்டு ஆகும்?

கேள்வி: நான் எழுதும் கதையில் ஓர் அரசன் கற்சுவர் கட்டுகிறான். நீளம் 500 கிலோமீட்டர், உயரம் 200 மீட்டர், அகலம் 50 மீட்டர். இயந்திரம் கிடையாது, மாடும் மனிதரும்தான். அவன் ஆயுளுக்குள் முடியுமா?

பதில் 1: கன அளவு 500 கோடி கன மீட்டர். கிசாவின் பெரிய பிரமிடு சுமார் 26 லட்சம்தான். அதற்கே ஏறத்தாழ 20 ஆண்டு ஆனது என்பார்கள். உங்கள் சுவர் 1,900 பிரமிடுகளுக்குச் சமம். ஒரே படை கட்டினால் 38,000 ஆண்டு! ஆனால் சுவர் என்பதால் பல இடங்களில் ஒரே நேரத்தில் வேலை நடத்தலாம்.

கேட்டவர்: சரி, 1,000 இடங்களில் தொடங்கினால் 38 ஆண்டு. போதுமே!

பதில் 2: சோறு யார் போடுவது? இடத்துக்கு 10,000 பேர் என்றாலும் ஒரு கோடிப் பேர். ஆளுக்கு 700 கிராம் தானியம் வைத்தால் தினமும் 7,000 டன். வண்டிக்கு அரை டன் என்றால் 14,000 மாட்டு வண்டிகள், அந்த மாடுகளுக்குத் தீவனம் வேறு. கல்லைவிட இதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

இயந்திரம் இருந்தாலும் வேறு தடை வரும். அமெரிக்காவின் ஹூவர் அணைக்கு 1933 முதல் 1935 வரை கிட்டத்தட்ட ஒரு பிரமிடு அளவு கான்கிரீட் கொட்டினார்கள். ஒரே வார்ப்பாக ஊற்றியிருந்தால், கான்கிரீட் இறுகும்போது எழும் சூடு தணியவே நூறாண்டுக்கு மேல் ஆகியிருக்கும். அதனால் பாளம் பாளமாக வார்த்து, உள்ளே குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள்.

உயரத்தை 20, அகலத்தை 10 மீட்டர் ஆக்குங்கள். அதே 38 ஆண்டுக்கு இரண்டு லட்சம் பேர் போதும்.