தாமஸ் கோக்கின் பதவிக்குத் தமிழ்ச்சொல்: ‘பேராயர்’ பொருந்தாது

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் திருச்சபைக்குள் தோன்றிய மெதடிஸ்த இயக்கத்தின் வரலாற்றில் வரும் ‘சூப்பரின்டென்டன்ட்’ என்னும் பதவியையும் ‘பேராயர்’ என்றே எழுதிவிடலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த வரலாற்றின் மையமான பிணக்கே அதனால் மறைந்துபோகும்.

1771இல் மெதடிஸ்த இயக்கத்தின் நிறுவனரும் ஆங்கிலிக்கன் குருவுமான ஜான் வெஸ்லி அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பிய பிரான்சிஸ் ஆஸ்பரி குருப்பட்டம் பெறாத போதகர். அங்கிருந்த மெதடிஸ்தர்கள் திருமுழுக்குக்கும் திருவிருந்துக்கும் ஆங்கிலிக்கன் குருமாரையே நாட வேண்டியிருந்தது. விடுதலைப் போரின்போது அக்குருமாருள் பலர் வெளியேறிவிட, புதியவருக்குப் பட்டமளிக்குமாறு வெஸ்லி விடுத்த வேண்டுகோளுக்கு லண்டன் பேராயரும் இசையாத நிலையில், 1784 செப்டம்பரில் வெஸ்லி பிரிஸ்டலில் தாமே இருவருக்குக் குருப்பட்டம் அளித்து, ஏற்கெனவே குருவாயிருந்த தாமஸ் கோக்கை ‘சூப்பரின்டென்டன்ட்’ ஆக நியமித்தார். குருப்பட்டம் அளிப்பது பேராயரின் உரிமை; எனினும் தொடக்கத் திருச்சபையில் பேராயரும் மூப்பரும் (குருவும்) ஒரே நிலையினர் என்னும் உறுதியே வெஸ்லிக்கு அத்துணிவைத் தந்தது. ஆனாலும் பேராயர் என்ற பட்டத்தை அவர் வேண்டுமென்றே தவிர்த்தார். அவ்வாண்டு இறுதியில் பால்டிமோரில் கூடிய மாநாடு ஆஸ்பரியையும் அதே பதவிக்கு உயர்த்தியது. 1787இல் அமெரிக்கர்கள் அப்பதவிப்பெயரைப் ‘பிஷப்’ (பேராயர்) என மாற்றிக்கொண்டனர். மறு ஆண்டு வெஸ்லி ஆஸ்பரியைக் கடிந்து கடிதம் எழுதினார். இரண்டு பதவிப்பெயர்களையும் நாம் ‘பேராயர்’ என்றே எழுதினால், அக்கடிதத்துக்கான காரணமே வாசகருக்கு விளங்காது.

அடுத்து, ‘கண்காணி’. தமிழ் விவிலியத்தில் ஆளப்பட்ட சொல் என்பதாலும், மேலிருந்து பார்ப்பவர் என்னும் மூலச்சொல்லின் பொருளைத் தாங்கியிருப்பதாலும் இதன் தகுதி பெரிது. ஆனால் இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்கு ஆள்சேர்த்து வேலைவாங்கிய கண்காணியின் நினைவை அச்சொல்லிலிருந்து இனிப் பிரிக்க முடியாது. 1814இல் இலங்கைக்கு மறைப்பணிக் குழுவை அழைத்துச் செல்லும் வழியில் கடலிலேயே இறந்தவர் கோக் என்பதால், அந்நினைவு இங்கே மேலும் உறுத்தும். இலங்கை மெதடிஸ்த சபையில் வழங்கும் ‘முகாமைக்குரு’ அழகிய ஆக்கமே. ஆயினும் அது ஒரு சேகரத்தின் (திருச்சபையின் உள்ளூர் நிர்வாகப் பிரிவின்) பொறுப்பாளரைக் குறித்து நிலைத்துவிட்டது.

ஆகவே ‘கண்காணிப்புக் குரு’ என்பதை முன்மொழிகிறேன். விவிலிய வழக்கின் வேரும் இதில் இருக்கிறது, தோட்டக் கண்காணியோடு மயங்கவும் இடமில்லை. அமெரிக்கத் திருச்சபையைப் பொறுத்தவரை 1787க்கு முந்திய நிகழ்வுகளுக்கு இச்சொல்லையும், அதற்குப் பிந்தியவற்றுக்குப் ‘பேராயர்’ என்பதையும் கையாளலாம்.